திடீரெனக் குலையும் மனம்

பெரும்பாலும் இது தூக்கத்தில்தான் தொடங்குகிறது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். விடிந்தால் கம்பெனி வேன், மாதம் பிறந்தால் சம்பளம், வாரம் பிறந்தால் குழு லோன் தவணை. போன வாரம் வரை எல்லாம் வழக்கம்போல் இருந்தது. பிறகு நான்கைந்து இரவுகள் தொடர்ந்து கண் மூடவில்லை. அடுத்த மெஷினில் இருப்பவர்கள் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. இன்னும் இரண்டு நாளில் சோற்றில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்ற பயம் வந்தது. ஆளில்லாத மூலையிலிருந்து பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்டது. வீட்டார் ஓடுகிறார்கள். ஒருவர் மந்திரிக்கச் சொல்கிறார், ஒருவர் தர்காவுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார், ஒருவர் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு. எல்லோர் நெஞ்சிலும் ஒரே கேள்வி: இனி இவள் வாழ்நாள் முழுதும் இப்படித்தானா?

அந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளில் ஒன்று வேலூரிலும் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பிகானேர், கோவா, பாட்டியாலா, வேலூர் ஆகிய நான்கு மையங்களில், இப்படித் திடீரென மனம் பிறழ்ந்து வந்த 300-க்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்து, ஓராண்டு விடாமல் பின்தொடர்ந்தது. 1980-களில் வெளிவந்த முடிவு பலரையும் வியக்க வைத்தது. ஆண்டு முடிவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் முழுமையாகக் குணமாகியிருந்தார்கள். நோய் அவர்களிடம் திரும்பி வரவும் இல்லை.

பார்ப்பவர்களுக்கு மிக அச்சமூட்டும் வடிவில் வரும் இந்த நோய்தான், மனநோய்களுக்குள் மிக நன்றாகக் குணமாகும் நோய்களில் ஒன்று. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல ஒதுங்கி, பேச்சு குறைந்து, குளிக்க மறந்து, பிறகு வெளிப்படும் மனச்சிதைவு நோயில் மீட்சி கடினமாக இருக்கிறது. ஒரே வாரத்தில் ஆளையே புரட்டிப்போடுவது பெரும்பாலும் சில வாரங்களில் விலகுகிறது. வந்த வேகமே மீட்சிக்கான முதல் அடையாளம். இந்த உண்மை தெரிந்த குடும்பமும் தெரியாத குடும்பமும் முதல் பத்து நாளில் எடுக்கும் முடிவுகள் முற்றிலும் வேறாக இருக்கும்.

பெயர் கிடைக்காத நோய்

ஐரோப்பிய மருத்துவர்கள் இதைப் பார்க்காமல் இல்லை. பிரான்சில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாலான்தின் மான்யானும் அவருடைய மாணவர்களும் தெளிந்த வானிலிருந்து இடி விழுந்ததுபோல் வரும் பிறழ்வை விவரித்தார்கள். டென்மார்க்கில் ஆகஸ்ட் விம்மர் 1916-இல், பேரதிர்ச்சியைத் தொடர்ந்து வரும் மனப்பிறழ்வு பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகப் பாடநூல்கள் மனப்பிறழ்வை இரண்டே பெட்டிகளில் அடைத்தன. ஒன்று மனச்சிதைவு, மற்றது மனநிலை ஏற்ற இறக்க நோய். இரண்டிலும் அடங்காத நோயாளிகள் இந்திய மருத்துவமனைகளின் வாசலில் தினமும் வந்து நின்றார்கள்.

இந்திய மனநல மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான நரேந்திர நாத் விக், 1967-இல் குர்மீத் சிங்குடன் சேர்ந்து, இந்தியாவுக்கு ஏற்ற நோய் வகைப்பாடு ஒன்றை முன்வைத்தார். திடீர் மனப்பிறழ்வுக்கு அதில் தனி இடம் கேட்டார். நான்கு மைய ஆய்வும் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அந்தக் கோரிக்கைக்கு வலுச் சேர்த்தன. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பத்தாவது நோய்ப் பட்டியலில் 'திடீரென வந்து விலகும் மனப்பிறழ்வு' தனி நோயாக இடம்பெற்றது. 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பட்டியலிலும் அது நிலைத்திருக்கிறது. அதன் இலக்கணம் எளிது. நோய் இரண்டு வாரத்துக்குள் முற்றி வெளிப்படும். பெரும்பாலும் சில நாட்களிலிருந்து ஒரு மாதத்துக்குள் விலகும். எப்படியும் மூன்று மாதத்தைத் தாண்டாது.

1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எஸ்ரா சஸ்ஸரும் ஜோசப் வாண்டர்லிங்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பல நாட்டுத் தரவுகளை அலசினார்கள். வளரும் நாடுகளில் இந்த நோய் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமாக வருகிறது என்றும், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்கு வருகிறது என்றும் கண்டார்கள். அந்தத் தரவில் சண்டிகர் நோயாளிகளும் இருந்தார்கள். சண்டிகரில் இத்தகையவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தேடிச் சென்று பார்த்தபோது, நோயின் சுவடு மிச்சமிருந்தவர்கள் சுமார் 6 சதவீதம்தான்.

ஏன் இங்கே அதிகம், ஏன் பெண்களுக்கு அதிகம்? முழு விடை இன்னும் கைக்கு வரவில்லை. சண்டிகர் ஆய்வொன்று, நோய்க்கு முந்தைய வாரங்களில் காய்ச்சல் வந்தவர்கள் இவர்களில் அதிகம் என்று காட்டியது. பிரசவம் முடிந்த முதல் இரண்டு வாரங்களில் ஆயிரம் தாய்மாரில் ஒன்றிரண்டு பேருக்கு இதேபோல் திடீர்ப் பிறழ்வு வருவதும் உலகம் முழுதும் காணப்படுவது. அழுத்தம் ஒரு காரணம்தான், ஒரே காரணம் அன்று. அதனால்தான் பத்தாவது நோய்ப் பட்டியல் 'அழுத்தத்தைத் தொடர்ந்து வந்தது', 'அழுத்தம் இன்றி வந்தது' என்று இரண்டையும் பிரித்துக் குறிக்கச் சொன்னது. 'என்ன சொன்னீர்கள் அவளை, இப்படி ஆகிவிட்டாள்' என்று ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டும் குடும்பங்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

மூளைக்குள் நடப்பது

அழுத்தம் என்பது மனத்தில் மட்டும் நிகழ்வது அன்று. கடன்காரர் வாசலில் நிற்கும்போது, கம்பெனியில் ஆர்டர் குறைந்து ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு பரவும்போது, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. மூளைக்குள் நோர்அட்ரினலின், டோபமைன் என்ற வேதிப்பொருள்கள் கூடுகின்றன. ஆபத்து ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டால் இதெல்லாம் உயிர்காக்கும் ஏற்பாடு. வாரக்கணக்கில் நீண்டால் அதுவே பகையாகிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியை ஆராய்ந்து வருகிறார். யோசித்து முடிவெடுப்பது, 'இது என் கற்பனையா, நிஜமா' என்று சரிபார்ப்பது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. நோர்அட்ரினலினும் டோபமைனும் அளவுக்கு மீறும்போது அதன் இணைப்புகள் சில நிமிடங்களிலேயே தளர்ந்துவிடுகின்றன என்று அவர் காட்டினார். அப்போது பயத்தைக் கையாளும் அடிமூளையின் பகுதிகள் முன்னுக்கு வருகின்றன. பயம் இருக்கிறது, அதைக் கேள்வி கேட்கும் ஆள் இல்லை.

இதற்கு மேல் தூக்கம் கெடுகிறது. 1964-இல் முடிந்த ஒரு பள்ளி அறிவியல் சோதனையில், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவைச் சேர்ந்த ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர் 264 மணி நேரம் தூங்காமல் இருந்தார். நாட்கள் செல்லச் செல்ல இல்லாதவை தெரிந்தன, நினைவு தடுமாறியது, எரிச்சல் மிகுந்தது. பிறகு பதினான்கு மணி நேரம் தூங்கி எழுந்தார், தெளிந்துவிட்டார். நல்ல உடல்நலத்தோடு இருப்பவரையும் தூக்கமின்மை எந்த எல்லைக்குக் கொண்டுபோகும் என்பதற்கு அது சான்று. 2017-இல் பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் தூக்கமின்மையால் அவதிப்பட்ட 3,755 மாணவர்களிடம் டேனியல் ஃப்ரீமன் குழு ஓர் ஆய்வு நடத்தியது. தூக்கத்தைச் சரிசெய்யும் பயிற்சி பெற்றவர்களிடம் சந்தேக எண்ணங்களும் இல்லாததை உணர்தலும் குறைந்தன. தூக்கமின்மை இத்தகைய அனுபவங்களின் விளைவு மட்டும் அன்று, காரணங்களில் ஒன்றும்கூட என்பதை அது காட்டியது.

அடுத்தது டோபமைன். அது இன்பம் தரும் வேதிப்பொருள் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் முதன்மையான வேலை, சுற்றியுள்ள ஆயிரம் விஷயங்களில் 'இதைக் கவனி' என்று சிலவற்றுக்கு முத்திரை குத்துவது. தோல் தரம் பிரிக்கும் இடத்தில் கைதேர்ந்தவர் ஒவ்வொரு தோலையும் புரட்டிப் பார்த்து, நூற்றில் சிலவற்றை மட்டும் முதல் தரமென எடுத்து வைப்பார். அவருக்குக் கண் கெட்டு, வந்ததையெல்லாம் முதல் தரமென்று அடுக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? பிறழ்ந்த மனத்தில் அதுதான் நடக்கிறது என்று மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் 2003-இல் விளக்கினார். சூப்பர்வைசர் தொண்டையைச் செருமியது, தெருவில் ஒரு நாய் திரும்பிப் பார்த்தது, டிவியில் ஒருவர் சொன்ன ஒரு சொல், எல்லாமே 'உனக்காக, உன்னைப் பற்றி' என்ற முத்திரையோடு வந்து சேர்கின்றன. இவற்றையெல்லாம் கோத்து ஒரு பொருள் காண மனம் துடிக்கிறது. 'எனக்கு எதிராக ஏதோ நடக்கிறது' என்ற கதை பிறக்கிறது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது பைத்தியக்காரப் பேச்சு. உள்ளே இருப்பவருக்கு, தன் கண்ணும் காதும் தரும் சாட்சியங்களிலிருந்து நேர்மையாக வந்தடைந்த முடிவு. அதனால்தான் வாதாடி அதை மாற்ற முடிவதில்லை.

மருந்து டோபமைனின் பிடியைத் தளர்த்துகிறது. கதை உடனே மறைவதில்லை. முதலில் அதன் மேலிருந்த அவசரம் குறைகிறது. 'அந்த நினைப்பு வருது, ஆனா முன்ன மாதிரி உறுத்தல' என்பதைப்போல் பலர் சொல்வார்கள். பிறகு அது தானே உதிர்கிறது.

எல்லாத் திடீரும் ஒன்றல்ல

முதலில் விலக்க வேண்டியது உடல்நோய். ஒருவர் நாள், இடம், ஆள் தெரியாமல் குழம்பினால், விழிப்பே ஏறி இறங்கினால், காய்ச்சலோ வலிப்போ கடும் தலைவலியோ கூட இருந்தால், அது மனநல மருத்துவரிடம் போவதற்கு முன்பே பொது மருத்துவரிடம் போக வேண்டிய அவசரம். வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் மாதங்களில் வெப்பத்தாக்கு முதலில் புத்தித் தடுமாற்றமாகவே வெளிப்படும், சில மணி நேரத்தில் உயிரையும் பறிக்கும். ஷூ ஒட்டும் பசையின் கரைப்பான் ஆவி காற்றோட்டமில்லாத இடத்தில் தேங்கினால் தலைசுற்றலும் குழப்பமும் வரும். நாடாப்புழுவின் இளம் பருவம் மூளையில் தங்குவதும் இந்தப் பகுதியில் அரிதன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமூக ஆய்வு, இங்குள்ள வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதுவே காரணம் என்று கண்டது. மூளையை நம் நோய் எதிர்ப்பு ஆற்றலே தாக்கும் ஒரு வகை அழற்சியை 2007-இல் ஜோசெப் டால்மாவ் குழு விவரித்தது. இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் அதுவும் முதலில் அப்பட்டமான மனநோய்போலவே தோன்றும்.

மதுவும் உண்டு. நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உடல் நடுங்கி, வியர்த்து, இல்லாததைக் கண்டு அலறும் நிலை வரலாம். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டபோது பல குடும்பங்கள் இதை முதன்முறையாகப் பார்த்தன. இது உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரம்.

இன்னொரு வகையில் புத்தி பிறழ்வதில்லை, மனத்தின் கண்ணிகள் சற்று நேரம் விலகிக்கொள்கின்றன. மயங்கி விழுவது, பேச்சு நின்றுபோவது, வேறொருவர் குரலில் பேசுவது, சாமி ஏறுவது போன்றவை. 1970-களில் மலேசியாவின் மின்னணுத் தொழிற்சாலைகளில் கிராமத்திலிருந்து வந்த மலாய் இளம்பெண்கள் கூட்டங்கூட்டமாக ஆவி பிடித்து அலறினார்கள். மானிடவியலாளர் ஐவா ஓங் 1987-இல் எழுதிய நூலில், வாய் திறந்து சொல்ல வழியில்லாத வேலைச்சுமையும் கண்காணிப்பும் அந்த அலறலில் பேசின என்று காட்டினார். நடிப்பு என்று அவர்களை அறைவது கொடுமை. மூளைக்குள் நிகழும் உண்மையான விலகல் அது. பெரும்பாலும் அமைதியும் ஓய்வும் பேசக் கேட்கும் ஒரு காதும் கிடைத்தால் தணிகிறது.

உச்சம் குறுகியது

அழுத்தம் எல்லோரையும் மனப்பிறழ்வுக்குக் கொண்டுபோவதில்லை. சிலரை உயிரை மாய்த்துக்கொள்ளும் விளிம்புக்குக் கொண்டுபோகிறது. இதையும் மறைக்காமல் பேசியாக வேண்டும். ஏனென்றால் இந்தியாவுக்கு இந்த உண்மையைத் துல்லியமாகச் சொன்னதும் வேலூர்ப் பகுதிதான்.

கணியம்பாடி வட்டாரத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலப் பணியாளர்கள் ஒவ்வொரு பிறப்பையும் ஒவ்வொரு இறப்பையும் வீட்டுக்கு வீடு பதிவு செய்துவருகிறார்கள். 1994 முதல் 1999 வரையிலான இறப்புகளை அலசி 2003-இல் வெளியான ஆய்வு, அங்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 95 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்று கண்டது. காவல் துறைப் பதிவுகளைக்கொண்டு தயாரான தேசியக் கணக்கு அப்போது சுமார் 11 என்றது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு இன்னும் கனமானது. பத்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களில் அந்த விகிதம் ஆண்பிள்ளைகளுக்கு லட்சத்துக்கு 58, பெண்பிள்ளைகளுக்கு 148.

2010-இல் வெளியான மற்றோர் ஆய்வில் மனோரஞ்சிதம் தலைமையிலான குழு, அப்படி இறந்த 100 பேரின் குடும்பங்களை அணுகி விசாரித்தது. மனநோய் என்று வகைப்படுத்தத்தக்க நிலை 37 பேருக்குத்தான் இருந்தது. மேலைநாட்டு ஆய்வுகள் பலவும் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருப்பதாகச் சொல்லிவந்தன. இங்கே மேலோங்கி நின்றவை நீங்காத அழுத்தம், நாள்பட்ட உடல்வலி, தனிமை, அண்மையில் முறிந்த உறவு ஆகியவை. அதாவது, 'அவருக்கு மனநோய் எதுவும் இல்லையே' என்பது ஆறுதலுக்கு உரிய வாக்கியம் அன்று. நோய் இல்லாதவரும் ஒரு கடுமையான வேளையில் உடைந்துபோகலாம்.

இங்கும் அதே விதிதான் வேலை செய்கிறது. அந்த வேளையின் உச்சம் குறுகியது. பலருக்கு அது சில நிமிடங்கள், சிலருக்குச் சில மணி நேரம். அதைக் கடத்திவிடும் ஆள் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலானவர்கள் மீண்டும் அந்த விளிம்புக்குப் போவதில்லை. 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் பெருமூச்சு விட்டுப் பேசத் தொடங்குவார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் தற்கொலைக்கு முயன்றவர் கடும் அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

பாகாயத்தின் விதி

காலம் நம் பக்கம் இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருந்தால். இந்தக் கருத்தை வேலூர் ஒரு மருத்துவமனையின் விதியாகவே ஆக்கியது.

ஆங்கிலேயர் காலத்து மனநலக் காப்பகங்களின் அடிப்படை, நோயாளியை ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் பிரித்து மதிலுக்குள் வைப்பது. 1950-களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து, குடும்பத்தாரை நோயாளிகளோடு தங்கவைத்தார். 1957-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் தொடங்கியது. உறவினர் ஒருவர் நோயாளியோடு உடன் தங்குவதை அது சிகிச்சையின் அங்கமாகவே வைத்தது. அம்மா, அக்கா, கணவர், யாராவது ஒருவர் இரவும் பகலும் கூட இருப்பார். மருந்தை எப்படிக் கொடுப்பது, எந்த அறிகுறி திரும்பினால் அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்பதையெல்லாம் அவர் அங்கேயே கற்றுக்கொள்வார். 1963-இல் கோல்மேயரும் ஃபெர்னாண்டஸும் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் இந்த முறையைப் பற்றி எழுதினார்கள்.

பாகாயத்திலிருந்து உலகுக்குப் போன இன்னொன்றும் உண்டு. கொந்தளிப்போடு வரும் நோயாளியை ஊசி போட்டு அமைதிப்படுத்த எந்த மருந்து நல்லது என்பதற்கு நெடுங்காலம் நம்பகமான ஆய்வே இல்லை. மருத்துவர் பிரதாப் தரியனும் சக மருத்துவர்களும் 2004-இல் 200 நோயாளிகளிடமும், 2007-இல் 300 நோயாளிகளிடமும் நடத்திய ஆய்வுகளை வெளியிட்டார்கள். ஹாலோபெரிடால், ப்ரோமெதசீன் என்ற இரண்டு பழைய மருந்துகளின் கூட்டு விரைவாகத் தூங்கவைத்தது. விலை கூடிய புதிய மருந்தோடு ஒப்பிட்டபோது, அடுத்த சில மணி நேரத்தில் மீண்டும் மருந்து தேவைப்பட்டவர்கள் இந்தக் கூட்டு பெற்றவர்களில் குறைவாக இருந்தார்கள். மிக மலிவான அந்த மருந்துகள் அரசு மருத்துவமனையிலும் வாங்கிவைக்கக் கூடியவை.

குடும்பம் கூட இருப்பதால் மட்டும் எல்லாம் நலமாகிவிடாது. எப்படி இருக்கிறார்கள் என்பது முக்கியம். ஓயாத குறைகூறலும் கடுமையும் உள்ள வீட்டில் மனச்சிதைவு நோய் திரும்ப வருவது அதிகம் என்று லண்டனில் ஜார்ஜ் பிரௌன் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. 1987-இல் சண்டிகர் குடும்பங்களை லண்டன் குடும்பங்களோடு ஒப்பிட்டபோது, சண்டிகரில் குறைகூறலும் பகைமையும் கணிசமாகக் குறைவு, நோய் திரும்புவதும் குறைவு. சில வீடுகளில் அழுத்தத்தின் ஊற்றே வீடுதான் என்பதும் உண்மை. அடிக்கும் கணவரோடும் பழிக்கும் மாமியாரோடும் தங்கவைப்பது சிகிச்சை ஆகாது. தனக்காகப் பேசுபவர் யார் என்பதை நோயாளியே முன்கூட்டி எழுதிவைக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது.

மந்திரமும் மருந்தும்

வேலூரில் முதன்முறையாக மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 131 பேரிடம் அவர்களுடைய நோயின் காரணத்தைக் கேட்ட ஆய்வொன்று 2007-இல் வெளியானது. பெரும்பான்மையோர் செய்வினை, பேய், தெய்வக்குற்றம் போன்றவற்றைச் சொன்னார்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் பேயையும் நோயையும் சேர்த்து நம்புவதும் இருந்தது. நம் வீடுகளில் மந்திரிப்பவரும் பூசாரியும் மாத்திரையும் ஒரே வாரத்தில் வந்துபோவது இதனால்தான். இதைக் கேலி செய்யும் மருத்துவர் நோயாளியை இழந்துவிடுவார்.

தானாக விலகும் தன்மையுள்ள நோய்க்குத் தாயத்து கட்டினாலும் சில வாரத்தில் குணம் தெரியும். தாயத்துக்குப் பெயர் கிடைக்கும். திண்டுக்கல் பக்கம் ஒரு கோவிலில் தங்கிய 31 பேரை ஆர். ரகுராம் குழு ஆராய்ந்து 2002-இல் எழுதியது. சராசரியாக ஐந்தாறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அங்கே மந்திரித்தலோ சடங்கோ முதன்மையாக இல்லை. பயமற்ற, அடிக்காத, சங்கிலி போடாத ஓர் இடமும், கூட இருக்கும் ஓர் உறவும் இருந்தன.

சங்கிலி போட்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி காட்டியது. தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். இன்று சங்கிலியில் கட்டுவதைச் சட்டம் தடைசெய்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துவாவும் சேர்ந்து நடக்கும் திட்டத்தை அரசு நடத்துகிறது. வேண்டிக்கொள்ளுங்கள், ஓதிக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்தாதீர்கள், கட்டிப்போடாதீர்கள். இந்த இரண்டும் போதும்.

முதல் நாட்களில் செய்ய வேண்டியவை

வாதாட வேண்டாம். 'விஷம் இல்லை' என்று நிரூபிக்க முயல்வதைவிட, 'பயமா இருக்கு இல்ல, நான் கூடவே இருக்கேன்' என்பது அதிகம் உதவும். கூட்டத்தைக் குறைத்து, டிவியை அணைத்து, ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசுங்கள். தண்ணீரும் உணவும் உள்ளே போகிறதா என்று பாருங்கள். தனக்கோ பிறருக்கோ தீங்கு நேரக்கூடிய எதையும் கைக்கெட்டாமல் வையுங்கள். தூக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவது முதல் இலக்கு. அதற்கு மருத்துவர் மருந்து தருவார்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவை அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் எண் 14416, தமிழிலும் எந்த நேரத்திலும் கட்டணமின்றி. தமிழ்நாட்டின் 104 எண்ணும் உண்டு. ஆபத்து கண்முன் இருந்தால் 108.

குணமானவுடன் மருந்தைத் தாமே நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. திடீர்ப் பிறழ்வு என்று முதலில் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பின்னாளிலும் அதே பெயர் நிலைக்கிறது என்று உலகளாவிய தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. மற்றவர்களிடம் அது மனநிலை ஏற்ற இறக்க நோயாகவோ மனச்சிதைவாகவோ பிறகு தெளிகிறது. எனவே ஓரிரு ஆண்டுகள் மருத்துவரின் பார்வையில் இருப்பது அவசியம். நம்பிக்கையும் எச்சரிக்கையும் இங்கே ஒன்றோடொன்று முரண்படுவதில்லை.

தொண்ணூற்றொரு நாள்

தோல் தொழில் ஊர்களில் அழுத்தத்துக்குப் பஞ்சமில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் இறந்தார்கள். 2020-இல் ஊரடங்கு தொழிலையே நிறுத்தியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி விதித்தபோது, ஏற்றுமதி ஆர்டரை நம்பிய ஊர்களில் கவலை பரவியது. இவற்றையெல்லாம் தனி ஆள் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

நோய் விலகும் காலம் சில வாரங்கள், அதிகம் போனால் மூன்று மாதம். ஈஎஸ்ஐ திட்டத்தில் நோய்வாய்ப்பட்ட தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் உதவித்தொகை கிடைக்கிறது. நீண்ட மனநோய்களுக்கு அதைத் தாண்டியும் நீட்டிக்க வழி உண்டு. உதவித்தொகை பெறும் காலத்தில் ஆளை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு ஈஎஸ்ஐ சட்டமே எழுதியது. அறிவியல் சொல்லும் மூன்று மாதமும் சட்டம் தரும் தொண்ணூற்றொரு நாளும் ஏறக்குறைய ஒன்றே.

மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்தவரின் மெஷினை யாரும் பிடுங்குவதில்லை. 'புத்தி பேதலிச்சுப் போச்சு' என்று பெயர் விழுந்தவர் திரும்பி வரும்போது மட்டும் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார். குணமாகி வந்தவருக்கு வேலை போனதும், ஊர் பேசுவதும், கடன் பெருகுவதும் அடுத்த அழுத்தமாகின்றன. நான்கில் மூன்று பேரைத் திருப்பித் தருவது நோயின் இயல்பும் மருந்தும் சேர்ந்து செய்யும் வேலை. திரும்பி வந்தவருக்குப் பழைய இடத்தை வைத்திருப்பது நம் வேலை. ஷூ கம்பெனி மேலாளரும், தொழிற்சங்கமும், குழுத் தலைவியும், பக்கத்து வீட்டுக்காரரும் தொண்ணூற்றொரு நாள் பொறுத்தால் போதும்.